பொம்பிளை வீட்டு ஆக்கள்

நீலவேணி அக்கா அழைப்பிதழ்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து லண்டன் ஹரோவில் தம்பி வீட்டு மேசையில் வைத்தபோது, புவனேந்திரனுக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. அக்கா ஒரு காரியத்தில் கை வைத்தால் அது நடந்து முடிந்த மாதிரி. வெம்பிளியில் எந்த மண்டபம் எந்தச் சனிக்கிழமை காலி, எந்த ஐயர் நேரத்துக்கு வருவார், எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தம்பி புவனேந்திரனின் ஒரே மகன் மிதுலன், அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு கறுப்பினப் பெண்ணைக் கட்டப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அக்கா அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை. இப்போது அவரே அழைப்பிதழோடு வந்து நிற்கிறார் என்றால் மனமிறங்கிவிட்டார் என்றுதானே அர்த்தம்.

அக்கா நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். லண்டனில் இத்தனை வருசம் இருந்துவிட்டு அப்படிப் பேசுவாரா? “பெட்டைக்கு ஆக்கள் இல்லை, சொந்தமெண்டு ஒருத்தரும் இல்லை” என்றுதான் சொன்னார். புவனேந்திரனைச் சின்ன வயதிலிருந்து ‘கறுவல்’ என்று கூப்பிட்டு வளர்த்தவர் அவர். அறுபத்து மூன்று வயதிலும் வீட்டுக்குள் அவர் கறுவல்தான். ஆனால் மருமகள் விசயத்தில் நிறம் ஒரு பொருட்டேயில்லையாம், ஆக்கள் இல்லாததுதான் குறையாம். கேட்டவர்கள் தலையாட்டிக்கொண்டார்கள்.

புவனேந்திரன் அழைப்பிதழை விரித்தார். நல்ல சிவப்பு, மேலே தங்கநிறப் பிள்ளையார். மாப்பிள்ளை பக்கம் எல்லாம் சரி. பொம்பிளை பக்கத்தைப் படித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். ‘திரு. திருமதி விக்னேஸ்வரன் தம்பதியினரின் அன்பு மகள் இமையரசி’ என்று இருந்தது.

“இது ஆர் அக்கா, இமையரசி?”

“வேறை ஆர், உன்ரை மருமகள்தான். இமானி எண்டு போட்டால் எங்கடை சனத்துக்கு வாயிலை வருமே? அதுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, கூடப்பிறந்ததும் இல்லை. இதிலை ஆற்றை பேரைப் போடுறது? விக்கி அண்ணையிட்டைக் கேட்டன். அவையள் சந்தோசமா ஓம் எண்டிட்டினம். அவையின்ரை பெடியன் தோழனா நிண்டு மாப்பிள்ளையின்ரை காலைக் கழுவுவான். ஆக்கள் இல்லாத பிள்ளைக்கு ஆக்களைப் பிடிச்சுக் குடுத்திருக்கிறன், பாத்தியே?”

இதில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. லண்டன் தமிழர் வீட்டில் வெளியாள் ஒருத்தி மருமகளாக வந்தால் இப்படித்தான் செய்வது வழக்கம். மணவறையின் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் யாருக்கும் பொறுக்காது. தெரிந்த தம்பதி ஒன்றைத் தாய் தகப்பனாக உட்கார வைத்து, பெண்ணுக்கு ஒரு தமிழ்ப் பெயரும் சூட்டி, சபையை நிரப்பிவிடுவார்கள். போலந்துப் பெண் பொற்கொடியானதும், அயர்லாந்துப் பெண் அமுதினியானதும் அக்காவின் கைங்கரியந்தான். அவர்கள் சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டார்கள். இமானியும் ஏற்றுக்கொள்வாள் என்று அக்கா நினைத்ததில் வியப்பில்லை.

இமானி எழுத்தாளர். ஜோர்ஜியாவிலிருந்து தன் குடும்பத்தின் வேரைத் தேடி லண்டனுக்கு வந்தவள். ஆவணக் காப்பகங்களில் நாள் முழுக்கக் குனிந்திருந்து கழுத்துப் பிடித்துக்கொண்டதால் மருத்துவமனைக்குப் போனாள். அங்கே கழுத்தைச் சரிபண்ணக் கிடைத்த பிசியோதெரபிஸ்ட் மிதுலன். வைத்தியம் முடியும்வரை பயல் ஒழுங்காகத்தான் இருந்தான். முடிந்த மறுநாள் காப்பி குடிக்க வருவாயா என்று கேட்டுவிட்டான். அவள் வந்தாள், பிறகு ஹரோ வீட்டுக்கும் வந்தாள், புவனேந்திரனின் மனைவி ஷாமளா அவித்த புட்டைச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள். அன்றே ஷாமளா கவிழ்ந்துவிட்டார்.

அக்கா அழைப்பிதழ் கொண்டுவந்த அன்று மாலையும் இமானி வந்தாள். மேசையில் கிடந்த சிவப்பு அழைப்பிதழை எடுத்துப் பார்த்து, “அழகாயிருக்கிறது மாமா, வாசித்துக் காட்டுங்கள்” என்றாள் ஆங்கிலத்தில். ‘மாமா’ மட்டும் தமிழ்.

பொய் சொல்லியிருக்கலாம். புவனேந்திரனுக்கு அந்தப் பழக்கம் போதாது. வாசித்து, பொருளும் சொன்னார். அக்கா பக்கத்தில் பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றார்.

இமானி கோபிக்கவில்லை. அழைப்பிதழை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். “என் ஆட்களை அடிமைகளாக வாங்கியவன் ஒரு பெயர் வைத்தான். விற்ற பிறகு வாங்கியவன் இன்னொரு பெயர் வைத்தான். தோட்ட முதலாளி கணக்கெடுத்தபோது பெயரே எழுதவில்லை, ‘பெண், பன்னிரண்டு வயது, கறுப்பு’ என்றுதான் எழுதினான். அத்தை அன்பாகத்தான் வைத்திருக்கிறார், எனக்குத் தெரிகிறது. ஆனாலும் இன்னொருவர் தரும் பெயரும் இன்னொருவர் தரும் தாய் தகப்பனும் எனக்கு வேண்டாம். எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது என் பக்கத்தில் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறோம். மணவறை வேண்டாம்.”

மிதுலன் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

“அப்ப கொண்டரட்டும், பாப்பம்” என்றார் அக்கா. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது கதவு கொஞ்சம் சத்தமாகத்தான் சாத்தியது.

ஒரே மகனின் கல்யாணம். நாதஸ்வரம், மணவறை, தாலி எதுவும் இல்லாமல் கவுன்சில் அறையொன்றில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துப் பார்க்கவே புவனேந்திரனுக்குப் பிடிக்கவில்லை. அவள் சொன்னதில் பிழை கண்டுபிடிக்கவும் முடியவில்லை. அதுதான் பெரிய சங்கடம்.

அவளுடைய கதை அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஜோர்ஜியாவில் ஒரு பருத்தித் தோட்டத்தில் ஹன்னா என்றொரு அடிமைப் பெண் இருந்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தவன் ஆமோஸ், இளையவள் லூசிண்டா. ஆமோஸ் பதினேழு வயதில் பருத்திக் கப்பல் ஒன்றின் அடித்தட்டில் ஒளிந்து இங்கிலாந்துக்குத் தப்பி வந்தான். தேவாலயம் தேவாலயமாகப் போய் அடிமைமுறையைப் பற்றிப் பேசினான். பிறகு லண்டனில் ஓர் ஆங்கிலப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டான். லூசிண்டாவின் வழியில் வந்தவள் இமானி. அண்ணன் திரும்பி வந்தால் தன் ஆட்களை அடையாளம் கண்டுகொள்ளட்டும் என்று, அந்தக் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒரு பையனுக்கு ஆமோஸ் என்று பெயர் வைத்தார்கள். கடைசி ஆமோஸ், இமானியின் தாய்மாமன், போன வருசம் காலமாகிவிட்டார். இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் ஷாமளா அழுவார், அழுதுகொண்டே கறி பரிமாறுவார்.

லண்டனுக்கு வந்த ஆமோசின் வழியும் அற்றுப்போகவில்லை. எச்சிலை அனுப்பி உறவு கண்டுபிடிக்கும் பரிசோதனை ஒன்று இருக்கிறதே, அதில் இமானிக்கு ஓர் ஆள் அகப்பட்டார். பெயர் கிளின்ரன். ஸ்ட்ரெதமில் கார் ஓட்டப் பழக்குபவர். படத்தைப் பார்த்தால் பச்சை வெள்ளைக்காரர். ஆமோசின் மகன் ஒரு வெள்ளைக்காரியைக் கட்டி, அவன் மகனும் ஒரு வெள்ளைக்காரியைக் கட்டி, கறுப்பு கரைந்துபோய்விட்டது. இமானி அவருக்கு மூன்று செய்தி அனுப்பினாள். மூன்றையும் அவர் படித்தார் என்பதும் தெரிந்தது. பதில் மட்டும் இல்லை.

“நேரே போய்ப் பார்த்தால் என்ன?” என்று புவனேந்திரன் கேட்டார்.

“ஒரு வெள்ளைக்காரரின் கதவைத் தட்டி, என்னைச் சொந்தமென்று சொல்லுங்கள் என்று நான் கேட்கமாட்டேன் மாமா.”

“நீ கேக்க வேண்டாம் பிள்ளை. பொம்பிளை வீட்டுக்குப் போறது மாப்பிள்ளையின்ரை தகப்பன். செய்தி அனுப்பிக் கல்யாணத்துக்கு ஆர் வருவினம்? முறையெண்டு ஒண்டு இருக்கு” என்று தமிழில் தொடங்கிப் பிறகு ஆங்கிலத்தில் விளக்கினார். இமானிக்குச் சிரிப்பு வந்தது. அது உங்களுக்கும் அவருக்குமான விசயம், நான் தடுக்கவில்லை என்றாள்.

ஆனால் முன்பின் தெரியாத வெள்ளைக்காரரின் வீட்டுக்கு எப்படிப் போவது? புவனேந்திரன் ஒரு நாள் யோசித்தார். பிறகு போனை எடுத்து, கிளின்ரனிடம் ஒரு மணித்தியாலம் கார் பழகவேண்டும் என்று பதிவு செய்துகொண்டார். லைசன்ஸ் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது, ஆனால் பயிற்சி தேவைப்படுகிறது என்றார். லண்டனில் முப்பது வருசத்துக்கு மேல் கார் ஓட்டுகிறவர் கார் பழகப் போகிறார் என்றதும் ஷாமளாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே ஒரு சீப்பு வாழைப்பழமும் கேக்கும் கட்டிக் கொடுத்தார். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது.

சொந்தக் காரை வீட்டில் விட்டுவிட்டு மெற்றோபொலிற்றன் ரயிலேறி, இரண்டு தரம் மாறி, வாழைப்பழத்தை நசியாமல் மடியில் வைத்துக்கொண்டு ஸ்ட்ரெதமில் போய் இறங்கினார். கிளின்ரன் காரில் காத்திருந்தார். அறுபதைத் தாண்டிய மெலிந்த மனிதர், முகமெல்லாம் செம்புள்ளி, மெதுவான பேச்சு. வாழைப்பழத்தைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. ஆங்கிலேயர் இந்த விசயத்தில் பத்தரைமாற்றுத் தங்கம்.

புவனேந்திரன் காரை எடுத்தார். பெரிய வீதியில் ஏறினார், பஸ்ஸுக்கு வழிவிட்டார், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நிறுத்தினார், ரவுண்டபவுட்டைச் சுற்றினார். கிளின்ரன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்கள் முன்பே ஓட்டியிருக்கிறீர்கள்.”

“முப்பது வருசத்துக்கு மேல்.”

“விபத்து ஏதாவது?”

“கடவுள் புண்ணியத்தில் இல்லை.”

“அப்படியென்றால் என்னிடம் என்ன பழக வந்தீர்கள்?”

சம்பந்தி என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை. புவனேந்திரன் ரயிலில் வரும்போதே தேடிப் பார்த்துக் கைவிட்டிருந்தார். “என் மகன் உங்கள் தங்கச்சி முறையான பெண்ணைக் கட்டப்போகிறான். இமானி. அவள் அனுப்பிய செய்திகளை நீங்கள் படித்தீர்களாம். நான் கல்யாணத்துக்குச் சொல்ல வந்தேன்.”

“இடப் பக்கம் ஓரமாக நிறுத்துங்கள்” என்றார் கிளின்ரன். புவனேந்திரன் கண்ணாடி பார்த்து, சிக்னல் போட்டு, அழகாக நிறுத்தினார். அந்த நிலையிலும் கிளின்ரனுக்குத் தலை தன்பாட்டில் ‘சரி’ என்று ஆடியது. தொழில் புத்தி.

“எங்கள் வீட்டில் ஸ்பானிய இரத்தம் என்று சொல்லுவார்கள்” என்று தொடங்கினார் கிளின்ரன். “கோடையில் கறுப்பேன். ஸ்பானியப் பாட்டன் என்றார் அப்பா. மகள் கிறிஸ்மசுக்கு அந்தப் பரிசோதனையை வாங்கித் தந்தபோது, ஸ்பெயினில் எந்த ஊர் என்று பார்க்கத்தான் துப்பி அனுப்பினேன். ஸ்பெயின் ஒரு சொட்டும் இல்லை.” அவர் விரலால் இருக்கை விளிம்பைத் தடவினார். “அப்பாவுக்கு இந்தத் தெருவுக்குப் பின்னால் ஒரு வீடு இருந்தது. அறைகள் வாடகைக்கு விடுவார். வாசலில் ஒரு பலகை, ‘கறுப்பர் வேண்டாம்’ என்று. காற்றில் விழுந்தால் எடுத்து மாட்டுவது சின்னப் பையனான என் வேலை. அவள் படத்தைப் பார்த்தேன். என் அக்காவின் மூக்கு அப்படியே இருக்கிறது. நான் எந்த முகத்தோடு பதில் எழுதுவது?”

புவனேந்திரனுக்குக் கோபம் வந்தது. எண்பத்தைந்தாம் ஆண்டில் லண்டனுக்கு வந்து இறங்கியபோது இதே தெற்கு லண்டனில் அவரும் அறை தேடி அலைந்தவர்தான். அப்போது பலகை இல்லை, அதைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அவர் முகத்தைக் கண்டதும் அறை ‘இப்பதான் போய்விட்டது’. ஒருநாள் மழையில் அப்படி எட்டுக் கதவு. அதை அப்படியே கிளின்ரனிடம் சொன்னார். கிளின்ரன் மறுத்துப் பேசவுமில்லை, சமாதானம் சொல்லவுமில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். தலை குனிந்து கேட்கிற ஆளோடு எவ்வளவு நேரம் கோபமாயிருப்பது? பாவமாகவும் இருந்தது.

“முகம் கிடக்கட்டும். எங்களுக்கு இரண்டு கை போதும்” என்றார் புவனேந்திரன். “எங்கள் கல்யாணத்தில் பெண்ணின் சகோதரன் வாசலில் வந்து மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே கூட்டிப் போகவேண்டும். தோழன் என்போம். அவளுக்குத் தோழன் இல்லை. இரவல் தோழன் வேண்டாம் என்கிறாள். தன் இரத்தம் வந்து நிற்காவிட்டால் மணவறையே வேண்டாம் என்கிறாள்.”

“ஒரு வெள்ளைக்காரன் உங்கள் மகனுடைய காலைக் கழுவவேண்டும்.”

“வெள்ளைக்காரன் இல்லை. பெண்ணின் அண்ணன். பதிலுக்கு மாப்பிள்ளை மோதிரம் போடுவான்.”

கிளின்ரனுக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகுதான் சிரிப்பு என்று தெரிந்தது. கண்ணையும் துடைத்துக்கொண்டார். மீதி நேரத்தை வீணாக்கக்கூடாதென்று இரண்டு காருக்கு நடுவே பின்னுக்கெடுத்து நிறுத்தச் சொன்னார். நிறுத்தியதும், ஸ்டியரிங்கில் கை மேல் கை போடுகிறீர்கள், மிகவும் பழைய கெட்ட பழக்கம் என்றார். வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹரோ வீட்டு வாசலில் வந்து நின்றார், கையில் பூங்கொத்து. இமானிதான் கதவைத் திறந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் ஷாமளா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

“உங்களுக்கு என் ஆமோஸ் மாமாவின் காது” என்றாள் இமானி.

கிளின்ரன் அங்கேயே, செருப்புகளுக்கு நடுவில் நின்றபடியே, பலகையின் கதையைச் சொல்லத் தொடங்கினார். அவள் கேட்டாள். முடிந்ததும், “இது என் புத்தகத்தில் வரும், ஒரு வரி விடாமல்” என்றாள். “மன்னிப்பதா என்று எழுதி முடித்த பிறகு யோசிக்கிறேன். இப்போது உள்ளே வாருங்கள், சாப்பாடு ஆறுகிறது.” ஆட்டிறைச்சிக் கறியில் கிளின்ரனுக்கு மூக்கால் தண்ணீர் கொட்டியது. ஆனாலும் சாப்பாட்டுக் கோப்பையை வழித்துவிட்டுத்தான் எழுந்தார். அன்று இமானி அவருக்கு ஒரு வேலை கொடுத்தாள். ஹன்னாவிலிருந்து தன் தாய்வரை எல்லாப் பெயரையும் மனப்பாடம் செய்யவேண்டும். பழக வருகிறவர்கள் பிந்தும்போதெல்லாம் காருக்குள் இருந்து அதைத்தான் பாடமாக்கினாராம்.

இன்னொரு விசயத்திலும் இமானி உறுதியாக நின்றாள். கன்னிகாதானம் என்றால் என்ன என்று கேட்டாள். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுப்பது என்று ஐயர் போனில் விளக்கினார். “எங்கள் குடும்பத்தில் கொடுத்ததும் வாங்கியதும் போதும் ஐயா, என்னை யாரும் யாருக்கும் கொடுக்கவேண்டாம்” என்றாள். லண்டன் ஐயருக்கு இதெல்லாம் புதிதல்ல. தாரையை விடுவம், வம்சம் மட்டும் சொல்லுவம் என்றார். அழைப்பிதழும் புதிதாக வந்தது. ‘காலஞ்சென்ற ரூபியின் அன்பு மகள் இமானி.’ அக்கா அதைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, எழுத்து சின்னனாப் போச்சு என்று மட்டும் சொன்னார். தோழன் வருகிறார் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். எப்படிப்பட்ட தோழன் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அதனால்தான் கல்யாணத்தன்று காலை அந்தக் கூத்து நடந்தது. கோட்டும் சூட்டுமாக ஒரு வெள்ளைக்காரர் வெம்பிளி மண்டப வாசலில் வந்து நின்றால், எங்கள் சனத்துக்கு அவர் பதிவாளர்தான், வேறு யாராக இருக்கமுடியும்? அக்கா அவரைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப்போய், பதிவு மேசையில் உட்கார வைத்து, பேனாவை நேராக வைத்து, இரண்டு வடையும் தேத்தண்ணியும் கொடுத்து, எழுந்திருக்கவே விடவில்லை. கிளின்ரன் மரியாதைக்கு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை அழைக்கப் போகவேண்டிய தோழனைக் காணவில்லையென்று ஹரோவில் எல்லோரும் போனும் கையுமாகத் தவித்தார்கள். கடைசியில் புவனேந்திரனே மண்டபத்துக்கு ஓடிவந்து பார்த்தால், மனிதர் மூன்றாவது வடையோடு இருக்கிறார்.

“அக்கா, இவர் பதிவாளர் இல்லை. இவர்தான் தோழன்.”

“ஆற்றை தோழன்?”

“இமானியின்ரை அண்ணை. சொந்த இரத்தம்.”

அக்காவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் மண்டபம் முழுக்கப் பரவ அதிக நேரம் எடுக்கவில்லை. பொம்பிளை வீட்டார் வெள்ளைக்காரராம், நல்ல பெரிய குடும்பமாம், அப்ப நாங்கள் நினைச்சது பிழை. அதுவரை மூலைக் கதிரையில் இருந்து பெருமூச்சு விட்டவர்களெல்லாம் எழுந்து வந்து கிளின்ரனோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அக்கா மணப்பெண் அறைக்குப் போய், இமானியின் சேலை மடிப்பைத் தன் கையாலேயே சரிசெய்து, “உன்ரை ஆக்கள் இப்பிடியெண்டு முந்தியே சொல்லியிருக்கலாமே பிள்ளை” என்று கன்னத்தைத் தடவினார்.

இமானிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இது அவள் பிறந்ததிலிருந்து கேட்டுவரும் பாஷை. புவனேந்திரன் எட்டிப் பார்த்தபோது சிரிப்பது போலச் சொன்னாள். “மாமா, இத்தனை வருசம் தேடிக் கொண்டுவந்த சொந்தம், கடைசியில் எனக்குப் பூசுகிற பவுடராகிவிட்டது. ஹன்னாவை மறுபடியும் யாருக்கும் தெரியாது.”

புவனேந்திரனுக்கு வெட்கமாக இருந்தது. மாப்பிள்ளை அழைக்க நேரமாகிவிட்டது என்று கிளின்ரனின் சூட்டைக் கழற்றி ஒரு வேட்டியைக் கட்டிவிட்டுக் காரில் ஏற்றினார். போகும் வழியில், அவள் சொன்னதை அப்படியே சொன்னார். கிளின்ரன் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அந்த வேட்டியின் மேல் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை.

மண்டப வாசலில் கால் கழுவல் நன்றாகத்தான் நடந்தது. கிளின்ரனின் முழங்கால் மடங்க மறுத்தது, இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். செம்புத் தண்ணீரை ஊற்றி மிதுலனின் பாதத்தைக் கழுவித் துவாயால் துடைத்தார். மோதிரம் விரலில் ஏறியது. ‘ஐயோ, பாவம் வெள்ளைக்காரர்’ என்று பெண்கள் பக்கத்தில் ஓர் உருக்கமான முணுமுணுப்பு.

மணவறையில் ஐயர் பொம்பிளை பக்கத்தைப் பார்த்தார். மைக் அவர் முன்னால் இருந்தது. “வம்சம் சொல்லவேணும். பூட்டி, பாட்டி, தாய், மூண்டு தலைமுறைப் பேர்.”

புவனேந்திரன் அதை ஆங்கிலத்தில் சொன்னார். கிளின்ரன் எழுந்து நின்றார். “மூன்று போதாது” என்றார்.

“மூண்டுதான் முறை. முகூர்த்தமும் போகுது” என்றார் ஐயர்.

“மூன்றில் நான் இல்லை ஐயா. நானும் அவளும் சந்திக்கிற இடத்துக்குப் போக ஆறு வேண்டும்.” பிறகு புவனேந்திரனைப் பார்த்து, “நான் சொல்வதை எல்லோருக்கும் கேட்கத் தமிழில் சொல்லுங்கள்” என்றார்.

புவனேந்திரன் மைக்கை வாங்கினார். சபையில் பேசிப் பழக்கமில்லாதவர், அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கிளின்ரன் ஒரு வரி சொல்ல, அவர் ஒரு வரி சொன்னார்.

“ஹன்னா எண்டொரு மனுசி. கறுப்பு மனுசி. அமெரிக்காவிலை பருத்தித் தோட்டத்திலை அடிமையா இருந்தவ. அவவின்ரை மகன் ஆமோஸ், இஞ்சை தப்பி வந்தவர். அவரின்ரை வழியிலை வந்தவன் நான். எங்கடை வீட்டிலை வெக்கப்பட்டு அவரை மறைச்சுப்போட்டினம், ஸ்பானியன் எண்டு பொய் சொல்லிச்சினம். ஹன்னாவின்ரை மகள் லூசிண்டா அங்கையே இருந்தவ. அவவின்ரை பிள்ளையள் ஒருத்தரையும் மறைக்கேல்லை, ஒருத்தரையும் மறக்கேல்லை. அந்த வழியிலை வந்தவ இமானி. என்னைத் தேடிக் கண்டுபிடிச்சதும் அவதான்.”

பின்வரிசையில் ஒரு குழந்தை எதையோ கேட்டு அழுதது. புவனேந்திரன் மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். இமானியைப் பார்க்கத் துணிவு வரவில்லை, ஐயரைப் பார்த்தார்.

ஐயர் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். மந்திரத்தில் மகள், பேத்தி, பூட்டப்பிள்ளை என்று மூன்று படிக்குத்தான் சொல் இருக்கிறது. ஆறுக்கு எங்கே போவது? கெட்டிக்காரர். இரண்டு ஏற்றமாக ஏற்றினார். ஹன்னாவின் பூட்டப்பிள்ளை, லூசிண்டாவின் பேத்தி, பிரிசில்லாவின் மகள் டெல்லா. அங்கே ஒரு மூச்சு. டெல்லாவின் பூட்டப்பிள்ளை, எஸ்தரின் பேத்தி, ரூபியின் மகள் இமானி. சமஸ்கிருத விகுதிகள் ஒட்டி, ஒலிபெருக்கியில் அந்தப் பெயர்கள் வெம்பிளி முழுக்கக் கேட்டன. பிரிசில்லாவில் ஐயருக்கு நாக்கு இடறியது, இமானி திருத்தினாள். முறைப்படி மூன்று தரம் சொல்லவேண்டும். இரண்டாம் தரம் கிளின்ரனும் சேர்ந்து சொன்னார். மூன்றாம் தரம் ஐயர் வாயைத் திறக்குமுன் இமானியே ‘ஹன்னா’ என்று தொடங்கிவிட்டாள். கண்ணீர் மூக்குத்தி வரைக்கும் வழிந்தது, துடைக்கவுமில்லை. புவனேந்திரனும் அழுதார். ஷாமளா அழுததைச் சொல்லவேண்டியதில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் ஈஸ்ற்ஹாமிலிருந்து ஒரு சொந்தக்காரப் பெண்மணி பிந்தி வந்தார். நீலவேணி அக்காவுக்குப் பக்கத்துக் கதிரையில் தொப்பென்று இருந்து, மணவறையை எட்டிப் பார்த்தார். அக்கா அதுவரை சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக, யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தார்.

“நீலாக்கா, வாசலிலை சொல்லிச்சினம், பொம்பிளை வெள்ளைக்காரரின்ரை சொந்தமாம், மெய்யே?”

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். காரியம் செய்யும்போது வருகிற அந்தப் பெரிய குரல் வந்தது, மணவறை வரைக்கும் கேட்டது.

“ஆர் சொன்னது? அந்த வெள்ளைக்காரர்தான் பொம்பிளையின்ரை சொந்தம்.”

மிதுலன் தாலியைக் கையில் எடுத்திருந்தான். குனிந்து அத்தை சொன்னதை இமானியின் காதில் ஆங்கிலத்தில் சொன்னான். கெட்டிமேளத்துக்கு நடுவே அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். தாலி கட்டுகிற படம் எல்லாவற்றிலும் அவள் அப்படித்தான் இருக்கிறாள், தலை பின்னுக்குச் சாய்ந்து, பல்லெல்லாம் தெரிய. பொம்பிளை எண்டால் கொஞ்சம் அடக்கமா இருக்கவேணும் என்று அக்கா இன்றைக்கும் குறை சொல்கிறார், ஆனால் தன் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருப்பது அந்தப் படத்தைத்தான்.